சொல்லிக்கொள்ளாமல்

ஏரிக்கரை மடத்து அஞ்சுகத்தம்மைக்கு ஒரு பழக்கம். எங்கிருந்து கிளம்பினாலும் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். மனுசர்களிடம் மட்டுமில்லை, தொழுவத்து மாட்டிடம், துணி துவைக்கிற கல்லிடம்கூட.

"கல்லு என்னம்மா பதில் சொல்லுச்சு?" என்று மடத்துப் பெண்கள் கேலி பண்ணுவார்கள்.

"சீக்கிரம் வான்னுச்சு" என்பார்.

சாவு வீட்டில் மட்டும் வாய் திறக்காமல் எழுந்து வந்துவிடுவார். அங்கே யார்தான் சொல்லிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

மடத்துச் சமையலுக்குக் காய் நறுக்க வரும் பெண்களில் வடிவாம்பாளும் ஒருத்தி. அம்மையின் வயதுதான் அவளுக்கும், முப்பத்தைந்து இருக்கும். ஆனாலும் அம்மை சொன்னால் அவளுக்கு மறுபேச்சில்லை. கொஞ்ச நாளாக ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது முகம் வெளுத்துக் கிடந்தது.

"காய்ச்சலாமேக்கா, உங்க மாமியார் சொன்னாங்க. விட்டுடுச்சா?" என்றாள் பக்கத்தில் இருந்த கோதை.

"விட்டுடுச்சு."

எல்லோரும் கை கழுவிக்கொண்டு போனார்கள். வடிவு போகவில்லை. நறுக்கி முடித்த வாழைத்தண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, முகமே பாக்காத ஒண்ணுக்காக அழலாமா?"

"யாரு கேக்கறது?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு."

"அவளையே வரச் சொல்லு."

மறுநாள் வடிவு தனியாகத்தான் வந்தாள்.

"எங்க அவ?" என்றார் அம்மை.

"வந்திருக்கா." வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "வீட்டுக்குப் போ. பின்னாலயே வரேன்."

வந்தார். வழியில் கோதையையும் கூப்பிட்டுக்கொண்டார். வடிவின் மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. பாய் விரித்தாள், காபி கொண்டுவந்தாள்.

"இந்த வீட்ல இன்னிக்கு வேணாம்" என்று டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, அம்மை வடிவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்ப ஆச்சு?"

"காய்ச்சல்தாம்மா, போன வாரமே..." என்று மாமியார் ஆரம்பித்தாள். அம்மை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"போன பிரதோசத்தன்னிக்கு" என்றாள் வடிவு. "அஞ்சாம் மாசம். இத்தனை வருசத்துல அது ஒண்ணுதான் தங்குச்சு."

"கூட யாரு இருந்தா?"

"ஆஸ்பத்திரியில யாருமில்ல. அவரு மருந்து வாங்கப் போயிருந்தாரு."

"வடிவு, போதும். பொறக்கவே இல்ல, அதைப் போய்ப் பேசிக்கிட்டு" என்றாள் மாமியார். "அடுத்தது தங்கணும்னா வாயத் திறக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"பாத்தியா?" என்று கேட்டார் அம்மை.

"முகத்தைக் காட்டல. துணி விலகினப்ப ஒரு கால் தெரிஞ்சுது. தூக்கிட்டுப் போயிட்டாங்க. எங்கன்னு நான் கேக்கல. கேக்கலாம்னே தெரியல எனக்கு."

கோதை பாயின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அப்படி ஒரு காய்ச்சல் வந்துச்சுக்கா" என்றாள். "மூத்தவனுக்கு முன்னாடி."

"சொல்லவே இல்லையேடி."

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கா?"

வடிவு சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. கோதை நகர்ந்து வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். மாமியார் அவசரமாகப் போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். அம்மை எழுந்து போய் அதைத் திறந்து வைத்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தார்.

வெயில் தணிந்ததும் எழுந்தார். செருப்பை மாட்டினார். நடந்தார். கோதையும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.

மாமியார் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"கல்லுகிட்டகூடச் சொல்லிட்டுத்தான் போவீங்களாமே. என் வீட்ல மட்டும் ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போறீங்களேம்மா?"

அம்மை நின்றார். திரும்பவில்லை.

"சொல்லிக்கிட்டுப் போற வீடாம்மா இது?"

மாமியார் நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, ஆறிப்போன காபியைக் கொட்டிவிட்டு, வடிவுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். கதவு திறந்தே கிடந்தது.