வெளிச்சுவர்ச் சட்டை

ஈயச் சுரங்கம் நடந்த ஓர் ஊரில், அய்யாக்கண்ணு வீட்டின் வெளிச்சுவரில் ஓர் ஆணி இருந்தது. சுரங்கத்திலிருந்து வந்ததும் அவர் சட்டையைக் கழற்றி அதில் மாட்டுவார். கிணற்றடியில் குளித்துத் துண்டைக் கட்டிக்கொண்ட பிறகுதான் உள்ளே போவார். அதுவரை மகள் வெண்ணிலா வாசற்படியைத் தாண்டக் கூடாது. அந்த ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

சட்டைக்கு இது பொறுக்கவில்லை.

"சுரங்கத்துல வேகுறது நான். குழந்தை வந்து கட்டிக்கிறது மட்டும் அந்தத் துண்டையா?" என்றது ஆணியிடம்.

"உன் மேல இருக்கிற தூள் அவளுக்கு விஷம். பேசாம தொங்கு."

"துருப்பிடிச்ச பயலே, நீ மட்டும் சுத்தமோ?"

"நான் யாரையும் கொஞ்சணும்னு ஆசைப்படலையே," என்றது ஆணி.

ஒரு மாலை பலத்த காற்று வீசியது. சட்டை அதனிடம் கெஞ்சியது. காற்றுக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. சட்டையைத் தூக்கி வெண்ணிலாவின் காலடியில் போட்டது.

அவள் வாரியெடுத்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அப்பா வாசனை!"

அம்மா பச்சையம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயோ, கீழ போடுடி!"

குழந்தையின் மூக்கிலும் உதட்டிலும் சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருந்தது. கிணற்றடியில் பச்சையம்மா அவளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மண்ணில் கிடந்த சட்டை அதைப் பார்த்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை, காற்றடித்தபோதெல்லாம் சட்டை ஆணியை இறுகப் பிடித்துக்கொண்டது. ஆணியும் அதை விடவில்லை.

"பயப்பட ஒண்ணுமில்லையாம், பச்சை," என்று அய்யாக்கண்ணு வந்து சொன்னார். பச்சையம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். வெளியே சட்டையின் கைகள் இரண்டும் தளர்ந்து தொங்கின.

அந்த வருஷமே சுரங்கத்தை மூடினார்கள். கடைசிச் சம்பளத்தில் வாங்கிய புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அய்யாக்கண்ணு வீட்டுக்கு வந்தார். வெண்ணிலா வாசற்படியிலேயே நின்றாள்.

"குளிச்சிட்டியாப்பா?"

"இனிமே அதெல்லாம் கேக்க வேணாம் தாயி. வா."

நம்பாமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரே தாவலாக அப்பாமேல் தாவினாள்.

மறுநாள் ஊருக்கு வெளியே குழி வெட்டினார்கள். எல்லா வீட்டுச் சுரங்கச் சட்டைகளும் அதன் ஓரத்தில் குவிந்து கிடந்தன.

"இத்தனை வருஷம் உழைச்சதுக்கு இதுதானா கதி?" என்று அவை புலம்பின.

மண்வெட்டி சற்று நின்றது. "இவ்வளவு போதுமா?"

அய்யாக்கண்ணுவின் சட்டை எட்டிப் பார்த்துச் சொன்னது:

"இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டு."