சர்க்கரையைத் திருடிய நாக்கு

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று என்னைக் கேட்காதீர்கள், கடலோர நாடு ஒன்றைக் கோபுரகேசரி என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்ல மனிதன்தான், ஆனால் எடுப்பார் கைப்பிள்ளை.

ஒரு நாள் தலைமைப் புலவர் வித்தகநம்பி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு சபைக்குள் ஓடிவந்தார்.

“அரசே! ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த சுவாஹிலி மாலுமி ஒருவன் நம் சர்க்கரையைத் திருடிவிட்டான்!”

“எத்தனை மூட்டை?”

“மூட்டையை அல்ல அரசே, சொல்லை! அதை உருமாற்றி ‘சுகாரி’ என்கிறான், பாவி!”

அரசன் அதிர்ந்து போனான். அடக் கொடுமையே, சொல்லைக்கூடவா திருடுவார்கள்! “அறுங்கள் அவன் நாக்கை!” என்றான்.

“அவனோடு கூடித் திரியும் உத்தண்டியின் நாக்கையும் அரசே” என்றார் புலவர். அவருடைய குறியே அதுதான். அரண்மனை விகடகவி உத்தண்டி வாயைத் திறந்தால் சபை சிரிக்கும், புலவர் வாயைத் திறந்தால் தூங்கும். பொறாமை வராதா பின்னே?

மாலுமி ஜுமா கை கட்டப்பட்டு நின்றான். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. எதற்குப் பிடித்தார்கள் என்பதும் தெரியாது. கத்தியோடு காவலன் வந்ததும் அவன் முகம் வெளிறிப்போயிற்று.

உத்தண்டி கும்பிட்டான். “அரசே, திருட்டுப் புகார் சொல்பவர் முதலில் தம் வீட்டைச் சோதனைக்குத் திறந்துவிட வேண்டும். அயலான் பொருள் அங்கே அகப்பட்டால் அவருக்கும் அதே தண்டனை. நம் நாட்டு வழக்கம் அதுதானே? களவு போனது சொல் என்றால், சோதிக்க வேண்டிய வீடு புலவரின் வாய்.”

அரசன் தலையசைத்தான். புலவர் பெருமிதமாக ஆவென்று வாயைத் திறந்தார். உத்தண்டி விளக்கைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

“வெற்றிலைக் காவிதான் தெரிகிறது அரசே.”

“பார்த்தீர்களா! என் வாயில் அயல்சொல் ஏது?” என்று துள்ளினார் புலவர். “அடேய் காவலா, அந்த மேசையை இழுத்து வா! இந்த மாலுமியின் தலையை அதில் சாய்!”

அதுவரை குனிந்து நின்ற ஜுமா சட்டென்று நிமிர்ந்தான். “மேஸா?” என்று கேட்டு, அந்த மேசையையே கண்ணால் காட்டினான்.

சபை திடுக்கிட்டது. “தமிழ் தெரியாதவனுக்கு இது எப்படிப் புரிந்தது?” என்றான் அரசன்.

துறைமுகத்தில் சுற்றிச் சுவாஹிலி மாலுமிகளின் பேச்சைப் பழகியிருந்த உத்தண்டி, ஜுமாவிடம் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்பினான். “அவன் ஊரிலும் இதற்கு அதே பெயராம் அரசே. பறங்கிக் கப்பல் அங்கேயும் இறக்கிய சொல், நம் துறையிலும் இறக்கிய சொல். புலவர் வீட்டில் அயலான் பொருள் அகப்பட்டுவிட்டது.”

புலவர் ஓடிப்போய் அரசன் காலில் விழுந்தார். “ஐயையோ மகாராஜா! தெரியாம வாயில வந்துடுச்சு! சின்ன வயசுல இருந்து அப்படித்தானே சொல்றோம்!”

“ஜுமாவும் சுகாரியை அப்படித்தான் சொல்கிறான்” என்றான் உத்தண்டி.

“சபாஷ், உத்தண்டி!” என்று அரசன் தொடையில் தட்டினான்.

“மெதுவாக அரசே! சபாஷ் பாரசீகத்துச் சரக்கு. கத்திக்காரன் பக்கத்திலேயே நிற்கிறான்.”

அரசன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். காவலனோ, பாவம், உத்தரவுக்காக அரசன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்ததும் அரசனுக்குச் சிரிப்பு பீறிட்டது.

“கத்தியை உறையில் போடடா! அவன் கட்டை அவிழ்!” என்றவன், தன் மோதிரத்தை உத்தண்டிக்கும் ஒரு மூட்டை சர்க்கரையை ஜுமாவுக்கும் கொடுத்தான்.

“அசான்டே” என்றான் ஜுமா, கண் கலங்க.

“நன்றி என்கிறான் அரசே.”

அரசன் அந்தச் சொல்லை மெல்லச் சொல்லிப் பார்த்தான். நாக்கில் நன்றாகத்தான் உட்கார்ந்தது. “புலவரே, சபை நடுவில் நானே எடுத்துக்கொண்டேன். புகார் உண்டா?”

புலவர் அன்று முழுக்க வாயைத் திறக்கவே இல்லை.