முதற்பிடிச் சென்னியப்பர்

கொங்கு நாட்டில் அவிநாசிக்கு அருகே ஒரு பஞ்சு ஆலையில் தரை கூட்டி வந்தவர் சென்னியப்பர். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும்போது பறக்கும் தூசி ஆலையில் இருப்பவர் தலை, புருவம், மூக்குத் துளை என எங்கும் வெண்மையாய் அப்பிக்கொள்ளும். அதைப் பெருக்கிச் சாக்கில் கட்டுவது அவர் வேலை. அவர் நெற்றியில் எது பஞ்சு, எது திருநீறு என்று பார்ப்பவர்க்குத் தெரியாது.

நண்பகல் சங்கு ஊதியதும் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியோடு ஆலை வாசலுக்கு வந்துவிடுவார். பசியோடு வழியில் வருபவர் கையில் தம் சோற்றின் முதற்பிடியை உருட்டி வைத்து, "அவிநாசியப்பா" என்று ஒருமுறை சொல்லுவார். அதன் பிறகே தாம் உண்பார். சோளச்சோறோ ராகிக்களியோ, எதுவானாலும் முறை மாறாது. பசித்து வருபவரை இறைவன் அனுப்புகிறான் என்று அவர் எண்ணியதில்லை. இறைவனே வருகிறான் என்று நம்பினார். எவரும் வராத நாளில் பொழுது சாயும் வரை வெறும் வயிற்றோடு காத்திருப்பார்.

உடன் வேலை செய்தவர்கள் "முதற்பிடிச் சாமி" என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். ஒருநாள் மேஸ்திரி ஒருவர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பசியால் துவண்டவர் போல நடித்துக் கை நீட்டினார். சென்னியப்பர் சோற்றை வைத்ததும் பெரிதாக ஏப்பம் விட்டுக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். சென்னியப்பர் தூக்குப்போசியை மூடினார்.

"பசிக்காத வாய்க்குக் குடுத்தா அது சாமிக்குப் போகாதுங்க" என்று மட்டும் சொன்னார். அன்று முழுவதும் அவர் உண்ணவில்லை.

காலரா வந்த ஆண்டில் மனைவி வேலாத்தாளும் ஒரே மகளும் ஒரு வாரத்துக்குள் இறந்துபோனார்கள். மகளை அடக்கம் செய்து திரும்பியதும் அண்டை வீட்டார் சோறு கொண்டுவந்து வைத்தார்கள். அவர் அதை எடுத்துக்கொண்டு அவிநாசித் தேர்வீதிக்கு நடந்தார். அங்கே நோயுற்றுக் கிடந்த ஒருவருக்கு முதற்பிடியைக் கொடுத்தார். கொடுத்த பிறகே அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

ஆலை மூடப்பட்டது. முதுமை வந்தது. எண்பத்து நான்கு வயதில், உற்றார் எவருமில்லாத அவரை ஊரார் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அங்கும் பகல் மணி அடித்ததும் தட்டை ஏந்தி வெளிவாசலில் போய் நிற்பார். கட்டட வேலைக்குப் போகும் யாரோ, கால் ஓயாத பரதேசி யாரோ, ஒருவர் வந்து வாங்கிப் போவார். பதினைந்து ஆண்டுகள் இப்படி நடந்தது.

அந்த இல்லத்தின் பொறுப்பாளர் தமயந்தி. முன்னாள் செவிலியர், ஐம்பது வயதிருக்கும். கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். சென்னியப்பருக்கு மாசியில் நூறு வயது நிறைகிறது என்று தெரிந்ததும் விழாவுக்கு ஏற்பாடு செய்தவர் அவர்தான்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கையில், வாசலில் நின்றிருந்த பெரியவரை ஒரு மோட்டார் சைக்கிள் உரசிச் சென்றது. கீழே விழுந்தார். எலும்பு முறியவில்லை, முழங்கால் வீங்கிவிட்டது. தமயந்தி வெளிவாசற் கதவைப் பூட்டினார்.

"இனிமே நீங்க ரோட்டுப் பக்கம் போகக் கூடாதுங்கய்யா. உங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"சரிங்க அம்மிணி" என்றார் பெரியவர். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று வந்த தட்டை அப்படியே திருப்பி அனுப்பினார். மறுநாளும் தண்ணீர் மட்டுமே குடித்தார்.

காரணம் புரிந்ததும் இல்லத்தில் உள்ளவர்கள் பதறினார்கள். சமையல்காரர் ஆறுச்சாமி கட்டிலருகே வந்து கை நீட்டினார். "காலைலருந்து நான் ஒண்ணுமே சாப்புடலீங்க. எனக்கு ஒரு பிடி குடுங்க."

பெரியவர் அந்தக் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். "உன்ற வெரல்ல தேங்காச் சட்னி மணக்குதப்பா" என்று சிரித்தார். ஆறுச்சாமி தலை குனிந்து போனார்.

பிறகு தமயந்தி வந்து நின்றார். "நீ சாப்புட்டயா அம்மிணி?" என்று கேட்டார் பெரியவர்.

"ஆச்சுங்கய்யா."

மூன்றாம் நாள் தமயந்தியே மனம் இளகி, பெரியவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வாசலுக்குத் தள்ளிவந்தார். மடியில் தட்டோடு இருவரும் வெயிலில் காத்திருந்தார்கள். சாலையை அகலப்படுத்தும் வேலை அப்போதுதான் முடிந்திருந்தது. கார்களும் லாரிகளும் விரைந்தன. நடந்து வருபவர் ஒருவரும் இல்லை. ஒரு லாரி ஓட்டுநர் மட்டும் நிறுத்தி விசாரித்தார். "இப்பத்தாங்க சாப்புட்டேன். பரவால்ல, பெரியவருக்காக வாங்கிக்கறேன்" என்றார். பெரியவர் அவரைக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

திரும்பி வருகையில் தமயந்தியின் குரல் உடைந்தது. "நூறு வயசுல பட்டினி கெடந்தா உசுரு தாங்குமாங்கய்யா? நாளன்னிக்கும் இப்படியே இருந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு டாக்டர். குழாய் வெச்சு ஊத்துவாங்களாம்."

"ஊத்தட்டும் அம்மிணி. நீ மனசக் கஷ்டப்படுத்திக்காத. நீ சாப்புட்டயா?"

"ஆச்சுங்கய்யா."

நான்காம் நாளும் அப்படியே கழிந்தது. விடிந்ததும் பிறந்தநாள். இல்லத்தின் கூடத்தில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். கொடையாளர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பெரியவருக்குப் புது வேட்டி உடுத்தி, மாலையிட்டு, நடுவில் அமரவைத்தார்கள். முதியவர்கள் வரிசையாக வந்து அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இலை போட்டுச் சோறும் பாயசமும் கச்சாயப் பணியாரமும் பரிமாறினார்கள். இல்லத்தின் தலைவர் ஒரு கரண்டிப் பாயசத்தை எடுத்து, படம் எடுப்பவர் பக்கம் திரும்பியபடி, பெரியவர் வாயருகே நீட்டினார்.

பெரியவர் கைகூப்பினார். வாய் திறக்கவில்லை. தலைவர் மறுபடி நீட்டினார். மறுபடி அதே கும்பிடு. தலைவரின் முகம் சிவந்தது.

"நூறு வயசாச்சுன்னா புத்தி கொழந்தையாட்டம் போயிரும் போல" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிலர் சிரித்தார்கள்.

சென்னியப்பர் கண்களை மூடினார். அவர் முணுமுணுத்தது பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. "அவிநாசியப்பா, எனக்கு ஒரு வாயக் காட்டாட்டியும் போகுது. வந்தவிங்க மனசு நோகாமப் பாத்துக்கோ."

அவர் சொல்லி முடிக்கவும் கூடத்தின் மூலையில் மோர்ப் பாத்திரம் விழுந்து உருண்டது. அதை ஏந்தி வந்த தமயந்தி தூணைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆறுச்சாமி ஓடிப்போய்த் தாங்கினார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"நாலு நாளா இந்தம்மா சோத்துத் தட்டத் தொடவே இல்லீங்க! டீத்தண்ணியக் குடிச்சுட்டு நடமாடிட்டு இருக்கறாங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்ற வாயக் கட்டிப்போட்டாங்க."

பெரியவர் கண் திறந்தார். தமயந்தியை அருகே கொண்டுவரச் சொன்னார்.

"நெசமா அம்மிணி? நாங் கேட்டப்பவெல்லாம் ஆச்சுன்னு சொன்னியே?"

தமயந்தி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். எல்லாருக்கும் முன்னால், கண்டிப்பானவர் என்று பெயரெடுத்த அந்தப் பெண் சிறு பிள்ளையைப் போல விசும்பினார்.

"கதவப் பூட்டுனது நானுங்கய்யா. உங்க தட்டு திரும்பி வரதப் பாத்துட்டு எனக்கு எப்படிங்க எறங்கும்? சொன்னா நடிக்கறேன்னு நெனப்பீங்கன்னுதான் சொல்லல." பிறகு மிக மெல்லச் சொன்னார். "பசிக்குதுங்கய்யா."

பெரியவரின் கை இலைக்குப் போனது. சோற்றைப் பிசைந்து ஒரு பிடி உருட்டினார். தமயந்தி வாய் திறந்தார். ஊட்டும்போது பாதிச் சோறு சிந்தியது. சிந்தியதையும் தமயந்தி பொறுக்கி உண்டார். "அவிநாசியப்பா" என்று அழைத்த பெரியவரின் குரல் அந்தப் பெயரிலேயே நின்றுவிட்டது. அவர் பார்வை தமயந்தியின் முகத்தை விட்டு அசையவில்லை. கண்களிலிருந்து நீர் வழிந்து மாலையில் விழுந்தது. நாற்காலியிலிருந்து நழுவி இறங்கி, தமயந்தியின் பாதங்களைத் தொட முயன்றார்.

"ஐயோ, என்னங்கய்யா இது!" என்று தமயந்தி பதறி விலகினார்.

"உன்னையக் கும்பிடல அம்மிணி. நீ வாயத் தொறந்தப்ப அங்க நீ தெரியல" என்றார் சென்னியப்பர். "எத்தனையோ வாய்க்கு வெச்சிருக்கேன். எல்லாருக்கும் அவிங்கவிங்க பசி. எனக்காகப் பசிச்சுட்டு நின்ன சாமிய இன்னிக்குத்தாம் பாத்தேன்."

சிரித்தவர்கள் எழுந்து நின்றார்கள். தலைவர் கையிலிருந்த கரண்டியை இலையில் வைத்துவிட்டு, கைகூப்பினார். யாரும் படம் எடுக்கவில்லை. பெரியவர் தாமே இரண்டாம் பிடியை எடுத்து உண்டார். நான்கு நாள் பட்டினிக்குப் பின் இறங்கிய அந்தச் சோறு உயிர்வரை இனித்தது என்று பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று முதல் ஒவ்வொரு பகலும் தமயந்தி உண்ணாமல் காத்திருந்து முதற்பிடியை வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் பங்குனி உத்திரத்தன்று பகலில், உண்டு முடித்துக் கை கழுவிய ஈரத்தோடு சாய்ந்தவர், அப்படியே சிவன் அடி சேர்ந்தார். அவரைத் தேர்வீதி வழியாகக் கொண்டுசென்றபோது தமயந்தியும் உடன் நடந்தார்.

தம் பசியைவிடப் பிறர் பசியைப் பெரிதென்று எண்ணி நூறாண்டு வாழ்ந்த முதற்பிடிச் சென்னியப்பரின் திருவடிகளை நெஞ்சில் வைப்போம்.