நான்காவது மென்பொருள்

“மூணு மென்பொருள் மாத்திப் பார்த்துட்டேன்மா. குழுவா சேர்ந்து வேலை செய்ய எதுதான் சரிப்படும்? நீங்களாவது சொல்லுங்க.”

கேட்டவர் மருதவாணன். ஆற்றோரக் கிராமங்களுக்கு வெள்ள எச்சரிக்கை அனுப்பும் திட்டத்தின் தலைவர். அவருக்குக் கீழே பதினோரு பேர், மூன்று ஊர்களில்.

மலையடிவார மடத்தின் ஆசிரியை யாழ்மொழி அவரைவிடப் பத்து வயது இளையவர். மென்பொருள் பற்றி ஒன்றும் அறியாதவர். ஆனாலும் எந்தக் குழப்பமானாலும் மருதவாணன் அவரிடம்தான் வந்து நிற்பார்.

“இப்ப இருக்கறதுல என்ன குறை?”

“போன மழைக்கு எச்சரிக்கை ஒரு மணி நேரம் தாமதம். ஜனங்க கூரை மேல ஏறித் தப்பிச்சாங்க. ஆடு மாடெல்லாம் போச்சு.”

“ஏன் தாமதம்?”

“பாலத்தடி அளவுக்கருவி தண்ணியை ஒரு அடி குறைச்சுக் காட்டியிருக்கு.”

“அது யாருக்கும் தெரியாதா?”

“சபீனாவுக்குத் தெரியுமாம். எங்க குழுவுல பாலத்துக்குப் பொறுப்பு அவங்கதான். வெள்ளம் வடிஞ்ச பிறகு யாரோ சொன்னாங்க.”

யாழ்மொழிக்கு ஆவல் கூடியது. “தெரிஞ்சும் ஏன் சொல்லலையாம்?”

மருதவாணன் வாயைத் திறந்தார். யாழ்மொழி கையை உயர்த்தித் தடுத்தார்.

“நீங்க சொல்லாதீங்க. அவங்களைக் கேளுங்க.”

மருதவாணன் அங்கேயே நின்று போன் போட்டார். இரண்டாவது மணியிலேயே சபீனா எடுத்துவிட்டாள்.

“சார்? ஏதாவது தப்பாயிடுச்சா?”

“இல்லம்மா. அந்த அளவுக்கருவி விஷயம்… ஏன் முன்னாடியே சொல்லல?”

“சொன்னேனே சார்.”

“யார்கிட்ட?”

“உங்ககிட்டதான். சித்திரை மாசம் போன் பண்ணினேன். ‘வாயால சொன்னா மறந்துடும், மென்பொருள்ல போடுங்க’ன்னீங்க. போட்டேன். அடுத்த வாரமே மென்பொருளை மாத்திட்டீங்க.”

மருதவாணனுக்கு அந்த அழைப்பு நினைவுக்கு வந்தது. அன்று ஒரு காதில் போன். கண்ணெல்லாம் புது மென்பொருளின் விளம்பரப் படத்தில்.

முகம் சுண்டிப்போனது. யாழ்மொழியைப் பார்த்தார்.

“சார், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“மேல் அணைக்கட்டுப் பக்கமும் ஒண்ணு சரியில்ல சார். ரெண்டு மாசமா பார்த்துட்டு வர்றேன். எதுல பதியணும்னு சொன்னீங்கன்னா…”

மருதவாணன் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

“எதுலயும் வேண்டாம். இப்பவே சொல்லும்மா.”