நரியார் கடைத் தினைக்களி

குழந்தைகளே, மலையடிவாரத்துக் காடொன்றில் சடையன் என்ற கரடி இருந்தான். பகலெல்லாம் மரமேறித் தேன் எடுப்பான். நாக்கு மட்டும் நாலு முழம்.

அவன் மனைவி இருளாயி தினமும் சாயங்காலம் தினையை இடித்து, தேன் விட்டுக் களி கிண்டுவாள். அந்தக் கரடிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. தேனுக்குப் போனவன் திரும்பி வந்து முதல் வாய் சாப்பிட்ட பிறகுதான் வீட்டில் இருப்பவள் சாப்பிடுவாள்.

காட்டுப் பாதையில் நரியார் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டிருந்தார். ஒருநாள் மழைக்கு அங்கே ஒதுங்கிய சடையன், சுட்ட கிழங்கு தின்றான். குரங்கும் முயலும் கூட உட்கார்ந்து கதை பேசியதில் நேரம் போனதே தெரியவில்லை. மறுநாளும் போனான். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. நல்ல தேனடையெல்லாம் நரியாருக்குப் போயிற்று.

வயிறு முட்டத் தின்றுவிட்டு வீட்டுக்கு வருவான். "எனக்குப் பசியில்லை, எடுத்து வை" என்று சொல்லிப் படுத்துவிடுவான். இருளாயி சட்டியை மூடி வைத்துவிட்டு, தண்ணீரைக் குடித்துப் படுப்பாள். பாவம், அதை அவன் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் நரியார் கடையில் புதிதாகத் தினைக்களி வந்தது. தேக்கிலையில், மேலே நாலு நாவல் பழத்தோடு. சடையன் வழித்து வழித்துத் தின்றான்.

"இதுவல்லவா களி. எங்க வீட்டிலயும் ஒருத்தி கிண்டுறாளே" என்று எல்லாரும் கேட்கச் சொன்னான்.

நரியார் பணிவாகச் சிரித்துக்கொண்டார்.

ஒருநாள் காலில் முள் குத்தி, சடையன் காலையில் குகையிலேயே படுத்திருந்தான். கொல்லைப்பக்கம் ஒரு குரல் கேட்டது.

"அண்ணி, நேத்து மிச்சம் இருக்கா?"

"இருக்கு. அவர் தொடவே இல்லை. வீணாப் போறதுக்கு நீங்களாவது கொண்டுபோங்க."

நொண்டிக்கொண்டே போய்ப் பார்த்தான். களிச்சட்டியோடு நரியார் நின்றார். சடையனுக்கு முகம் செத்துவிட்டது. சுடச்சுட வேண்டாம் என்றதை, மறுநாள் ஆறிப்போன பிறகு தேன் கொடுத்துத் தின்றிருக்கிறான்.

"ஏமாத்திட்டியேடா" என்றான்.

"நானா? வீட்டுக் களியை விட என் கடைக் களி ருசின்னு காடெல்லாம் சொன்னது நீங்கதானே அண்ணே?" என்றார் நரியார். பிறகு இருளாயி பக்கம் திரும்பினார். "அண்ணி, கடைக்கே வந்து கிண்டுங்க. அங்கே சமைக்கிறவங்களுக்குத்தான் முதல் இலை."

இருளாயி உள்ளே போய்க் களி கிண்டும் துடுப்பை எடுத்து வந்தாள். பிறகு, "வர்றேன்" என்றாள்.

"போகாதே இருளாயி. இனிமே சாயங்காலம் நேரா வீட்டுக்கு வந்துடறேன்" என்று கெஞ்சினான் சடையன்.

"இத்தனை நாளும் அப்படி நினைச்சுத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டு அடுப்பு எரியவில்லை. சடையன் தேனடையோடு கடை வாசலில் வரிசையில் நின்றான். அவன் முறை வந்தபோது இலையில் களி விழுந்தது. சூடாக இருந்தது, ருசியிலும் ஒரு குறையும் இல்லை. இரண்டு வாய்க்கு மேல் அவனால் தின்ன முடியவில்லை.

நீதி: நமக்காகச் சமைத்துவிட்டுக் காத்திருப்பவரைக் காக்க வைத்தே பழகினால், பிறகு சாப்பாடு கிடைக்கும், காத்திருக்க ஆள் கிடைக்காது.