ரிப்பன் வெட்டித் திறந்த அறை

"அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை இனிமேல் மிதிக்கமாட்டேன் டீச்சர்!"

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மனோன்மணி ஆரம்பித்துவிட்டாள்.

ரஹ்மத் தரையில் உட்கார்ந்து பட அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தாள். பல் தேய்ப்பது, குளிப்பது, பஸ் ஏறுவது என்று ஒவ்வோர் அட்டையிலும் ஒரு படம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அவள் ஒரு பயிற்சி மையம் நடத்திவந்தாள்.

மனோன்மணி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ரஹ்மத்துக்கு அவளுடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் மனோன்மணி அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயசென்ன வயசு என்பது அவள் கட்சி.

இங்கே கற்றுக்கொண்டதைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக எடுத்துக்கொண்டு போவாள். ஆட்டிசம் உள்ள பிள்ளையை வெளியே துரத்தாமல் வகுப்பிலேயே வைத்துக்கொள்ள என்னென்ன செய்யலாம் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அவர்கள் கேட்கமாட்டார்கள். இவளும் விடமாட்டாள்.

"என்னக்கா ஆச்சு?"

"இன்னும் என்ன ஆகணும்? பூட்டிட்டாங்க!"

"எதை?"

"அமைதி அறையை!"

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். ரஹ்மத் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதை அவள் தொடவில்லை.

மூன்றாம் வகுப்பில் ஆராதனா என்று ஒரு சிறுமி. ஓங்கின சத்தம் அவளுக்கு ஆகாது. வகுப்பு டீச்சர் ஜெயசீலியோ, பிள்ளைகளை அடக்க டஸ்டர் கட்டையால் மேசையில் ஓங்கித் தட்டுகிறவர். தட்டினால் ஆராதனா காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். அவள் கத்தினால் டீச்சர் இன்னும் ஓங்கித் தட்டுவார். இரண்டு பேரில் ஒருத்தருக்கு டி.சி. கொடுக்க வேண்டும் என்று ஆனபோது, பள்ளிக்கூடம் எட்டு வயசுப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தது.

தலைமையாசிரியர் அருளப்பன் அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஊரில் வேறு இடம் எங்கே இருக்கிறது? மற்ற பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஏற்கெனவே கையை விரித்தாகிவிட்டது. அந்த அம்மா அழுதுகொண்டு வந்து நின்றதால்தான் மனோன்மணி அங்கே போனதே.

"மேசையைத் தட்டாதீங்கன்னு சொன்னேன் டீச்சர். 'அப்புறம் கிளாஸை எப்படி மேடம் அடக்குறது'ன்னாங்க. மணி அடிக்கப்போகுதுன்னு முன்னாடியே அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கன்னேன். 'எங்களுக்கு வேற வேலை இல்லையா'ன்னாங்க. அடுத்து என்ன பாடம்னு படமா வரைஞ்சு சுவத்துல ஒட்டுங்கன்னேன். 'மத்த பிள்ளைங்க பிச்சுப் போட்டுடும்'னாங்க. சரி, ரொம்பத் தாங்கமுடியாம போனா அவ கொஞ்ச நேரம் போய் உக்கார அமைதியா ஒரு இடமாவது குடுங்கன்னேன்."

"குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க! அதுக்கு மட்டும் அந்தச் சுறுசுறுப்பு எங்கேருந்து வந்துச்சோ!"

உடைந்த பெஞ்சு போட்டுவைத்திருந்த அறையை ஒழித்தார்கள். சுவரில் வானவில் வரைந்தார்கள். மெத்தை வந்தது, பொம்மை வந்தது. சிறப்பு விருந்தினர் ஒருவர் வந்தார். அவருக்குப் பொன்னாடை, தலைமையாசிரியருக்கு அவர் ஒரு பொன்னாடை. ரிப்பன் வெட்டி, கைதட்டி, போட்டோ எடுத்தார்கள். விருந்தினருடைய கார் தெருமுனை திரும்புவதற்குள் கதவில் பூட்டுத் தொங்கியது. மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

"ஏன் சார் பூட்டுறீங்கன்னு கேட்டா, 'பிள்ளைங்க அழுக்காக்கிடும் மேடம், நாளைக்கு யாராச்சும் பார்வையிட வந்தா காட்டணுமில்ல'ங்கிறார்! அந்தப் பொண்ணு வராந்தாவுல உக்காந்து கத்துது. அவளுக்குன்னு செஞ்ச ரூம் பக்கத்துலயே பூட்டிக் கெடக்கு. வயிறு எரியுது டீச்சர். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, பூட்டை உடைச்சுட்டு வந்துடுறேன்."

ரஹ்மத் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"பூட்டியே இருக்கட்டும்க்கா."

மனோன்மணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னது?"

ரஹ்மத் கத்தரிக்கோலை மறுபடி எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் பதில்.

மனோன்மணி வந்த வேகத்திலேயே கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் போகும்போது பொருமித் தீர்த்தாள். ஒரு பிள்ளையின் படிப்பே போகப்போகிறது, இந்த அம்மாளுக்கு அட்டை வெட்டுவதுதான் பெரிதாகப் போய்விட்டது! பக்கத்து சீட்டுக்காரி, தன்னைத்தான் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தாள்.

மறுநாளே மனோன்மணி அந்த வாசலை மிதித்தாள். மிதிக்கமாட்டேன் என்று சொன்னதெல்லாம் கோபத்தில் சொன்னது. இது அதைவிடப் பெரிய கோபம்.

"சாவியைக் குடுங்க சார். இல்லேன்னா அந்த விருந்தினருக்கே போன் போடுறேன். நீங்க தொறந்து வச்ச ரூமைப் பூட்டி வச்சிருக்காங்கன்னு சொல்றேன்."

அருளப்பன் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். சாவி வந்தது.

அதற்கு அடுத்த மாதம் அவரே போன் செய்தார். குரலில் தேன் சொட்டியது.

"உங்க திட்டம் பிரமாதம் மேடம். கத்தலே கிடையாது. டி.சி.ங்கிற பேச்சுக்கே இடமில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்துலேருந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க. அவங்களுக்கும் இதே மாதிரி ஒரு ரூம் வேணுமாம்."

மனோன்மணிக்குத் தலைகால் புரியவில்லை. ஜாங்கிரி வாங்கிக்கொண்டு நேரே ரஹ்மத்திடம் வந்தாள்.

"பூட்டியே இருக்கட்டும்னீங்களே டீச்சர்! இப்ப ஊர்ல இருக்கிற எல்லாப் பள்ளிக்கூடமும் கேக்குது!"

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

"கத்துறதே இல்லையாம்."

"எப்படி இருக்கான்னு கேட்டேன்."

மனோன்மணி ஜாங்கிரிப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். சாவி கிடைத்த நாளுக்குப் பிறகு அவள் ஆராதனாவைப் போய்ப் பார்க்கவே இல்லை.

ரஹ்மத் ஜாங்கிரியில் ஒரு துண்டை விண்டு வாயில் போட்டுக்கொண்டாள். துப்பட்டாவை எடுத்துத் தலையில் சுற்றினாள்.

"வாங்க, போய்ட்டு வந்துடலாம்."

பள்ளிக்கூட வாசலிலேயே அருளப்பன் நின்று வரவேற்றார். முதலில் மூன்றாம் வகுப்பைக் காட்டினார். பிள்ளைகள் எல்லாரும் கையைக் கட்டி, வாயில் விரலை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஈ பறந்தால் கேட்கும். ஜன்னலோரத்தில் ஆராதனா உட்காரும் இடத்தில் புத்தகப் பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"அவ எங்க சார்?" என்றாள் மனோன்மணி.

"உள்ளதான் மேடம். காலையில வந்ததும் நேரா அங்க விட்டுடுவோம். சாப்பாடும் அங்கேயே. சாயந்தரம் அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க. யாருக்கும் ஒரு தொந்தரவு இல்ல."

"நாள் பூராவுமா?"

அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "நீங்க கேட்ட ரூம்தானே மேடம்?"

அடுத்த கதவுதான் அமைதி அறை. கதவில் பூட்டு இல்லை. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

மனோன்மணி அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தபடி நின்றாள். "ஓடிகீடிப் போயிடக் கூடாதுல்ல?" என்றார் அருளப்பன், ஏதோ பெரிய அக்கறை போல.

ரஹ்மத் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள்.

ஆராதனா மெத்தையில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து, சுவரோடு தோளை ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மூன்றாம் வகுப்பு. கதவு திறந்ததற்கு அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் வேலையாக இருந்தாள்.

"அகல்யா. உள்ளேன் டீச்சர். அப்துல் காதர். உள்ளேன் டீச்சர். அன்பரசி. உள்ளேன் டீச்சர்."

"ஆராதனா."

நிறுத்தினாள். சுவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"இன்பராஜ். உள்ளேன் டீச்சர். ஈஸ்வரி. உள்ளேன் டீச்சர்."

கடைசிப் பெயர் முடிந்ததும் மறுபடி அகல்யாவிலிருந்து தொடங்கினாள்.

அருளப்பன் சிரித்தார். "ஓயாம இதேதான் மேடம். கிளாஸ்ல இருந்தப்ப இதுக்கே ஜெயசீலி டீச்சர் படாத பாடு பட்டாங்க."

மனோன்மணிக்குத் தெரியும். முதல்முறை வந்தபோது அந்த வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவள்தானே? வருகைப்பதிவு எடுக்கும்போது, யார் பெயர் வந்தாலும் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து ஆராதனாவும் உள்ளேன் சொல்வாள். அவள் பெயர் வந்தால் மட்டும் வாயை இறுக்க மூடிக்கொள்வாள். அவளுக்காக வகுப்பே சேர்ந்து சொல்லும். உடனே அவள் இரண்டு கையையும் உதறி உதறிச் சிரிப்பாள். பிள்ளைகள் தங்களுக்குள்ளே கண்டுபிடித்துக்கொண்ட விளையாட்டு அது. ஒழுங்கீனம் என்று ஜெயசீலி டீச்சர் சொன்னார். போகப்போக நிறுத்திவிடலாம் என்று மனோன்மணியும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

"ஆராதனா."

மறுபடி அந்த மௌனம்.

மனோன்மணி ரஹ்மத்தின் பக்கம் திரும்பினாள். "டீச்சர், நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க."

ரஹ்மத் திறந்த கதவுக்குப் பக்கத்தில், வராந்தாவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னையாக்கா கூப்பிடுறா?"

மனோன்மணி அவளைப் பார்த்தாள். பிறகு திரும்பி மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தாள். நடக்கவில்லை, பாய்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"டீச்சர், அட்டெண்டன்ஸ் எடுங்க."

ஜெயசீலி விழித்தார். "காலையிலேயே எடுத்தாச்சே மேடம்."

"ஒரு பேரைக் கூப்பிடலியே."

"அவளுக்குத்தான் தனியாப் போட்டுடறோமே."

"கூப்பிட்டீங்களான்னு கேட்டேன்."

அருளப்பன் பின்னாலேயே ஓடிவந்தார். "மேடம், எதுக்கு இப்ப கிளாஸைக் கலைக்கிறீங்க? அங்க அவ நல்லாத்தானே இருக்கா? மெத்தை இருக்கு, ஃபேன் இருக்கு, பொம்மை இருக்கு. என்ன குறை வச்சோம்?"

"ஆளே இல்லையே சார் அங்க!"

கத்திவிட்டாள். தான் பாடம் எடுத்த காலத்தில்கூட இப்படிக் கத்தியதில்லை.

வகுப்பு சலசலத்தது. ஜெயசீலி டஸ்டரை ஓங்கினார்.

"ஷ்! விரலை வாயில வை!"

விரல்கள் வாய்க்குப் போயின. வகுப்பு கப்சிப் என்று ஆனது. அந்த நிசப்தத்தில், சுவருக்கு அப்பாலிருந்து சின்னதாக அந்தக் குரல் வந்தது.

"அன்பரசி. உள்ளேன் டீச்சர்."

பிள்ளைகள் சுவரைப் பார்த்தார்கள். தினம் தினம் வாயில் விரலை வைத்துக்கொண்டு அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த குரல்தான் அது.

"ஆராதனா."

டீச்சரின் கை ஓங்கினபடியே இருந்தது. முன்வரிசையில் ஒரு பிள்ளை வாயிலிருந்து விரலை எடுத்தது. அடுத்தது எடுத்தது. அப்புறம் எல்லாம் எடுத்துவிட்டன.

"உள்ளேன் டீச்சர்!"

வராந்தாவில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.