எண்ணிக்கை நாளில் ஓடிய வௌவால்கள்

ஏரிக்கரை மருதமரத்தில் நானூறு பழந்தின்னி வௌவால்கள் குடியிருந்தன. பகல் முழுக்கத் தலைகீழாகத் தொங்கித் தூங்கும். பொழுது சாய்ந்ததும் இலுப்பைத் தோப்புக்குப் போய்ப் பூத் தின்னும். விடியும்போது வீடு திரும்பும். கிழக்குக் கிளையில் செவலை என்றொரு தாய் வௌவால். அந்த வருடம் அவளுக்கு ஒரு பெண்குட்டி. தூக்கிக்கொண்டு பறக்கலாம் என்றால் கனம் அதிகம். தானே பறக்கட்டும் என்றால் வயசு போதாது. அப்படியொரு இக்கட்டான பருவம்.

செவலை பயந்த சுபாவம். சும்மா வந்த பயமில்லை அது. போன வருடம் இந்தக் கூட்டம் நெடுஞ்சாலை ஓரத்து ஆலமரத்தில் இருந்தது. ஒருநாள் நாலு பேர் வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அடிமரத்தில் வெள்ளையாக ஓர் எண் எழுதினார்கள். நாலாம் நாள் இயந்திரம் வந்தது. செவலையின் தலைச்சன் குட்டி கிளையோடு கீழே போனது. அன்றிலிருந்து யாராவது அண்ணாந்து பார்த்தாலே போதும், அவள் இலை மறைவுக்குள் நகர்ந்துவிடுவாள்.

பங்குனி மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம். பத்துப் பன்னிரண்டு பேர் மருதமரத்தடிக்கு வந்தார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

வந்தவர்களில் ஒருத்தி யாழினி. வௌவால்களைப் பற்றிப் படிப்பவள், நகரத்திலிருந்து வந்திருந்தாள். மற்றவர்கள் எல்லாம் உள்ளூர் ஆட்கள். கரையில் ஆடு மேய்க்கும் பவளக்கொடி இருந்தாள். ட்ராக்டர் வைத்திருக்கும் வரதப்பனும் இருந்தார். அவருக்கு அந்த மரத்தின்மேல் வெகுநாளாக ஒரு கண்.

"ஒருத்தருக்கு ஒரு கிளை. சத்தம் போடாம எண்ணணும்" என்றாள் யாழினி. "ஒரே வௌவால ரெண்டு பேர் எண்ணிடக் கூடாது. கிளைக்குக் கிளை அடையாளம் வெச்சுக்கலாம்."

பவளக்கொடி வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை விரலில் தொட்டாள். கிழக்குக் கிளை பிரியும் இடத்துக்கு நேர் கீழே ஒரு பொட்டு வைத்தாள். தெற்குக்கு இரண்டு, மேற்குக்கு மூன்று, வடக்குக்கு நாலு.

மேலே இருந்து பார்த்த செவலைக்கு வெள்ளைதான் தெரிந்தது. மரத்தில் வெள்ளை. குட்டியைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இங்க பாரும்மா, ஊர்க் கூட்டத்துல பேசுனது பேசுனதுதான்" என்றார் வரதப்பன். "ஞாயித்துக்கிழமை எழுதுற கணக்குதான் கணக்கு. நூறுக்குக் கொறஞ்சா மரம் போகும். என் வண்டி இந்தக் கரையில திரும்ப முடியல. நூறு தாண்டுச்சா, மரம் நிக்கட்டும். ஆனா வெறுங்கிளைன்னு ஒண்ணு இருந்தா அதை நான் கழிச்சுக்குவேன்."

"சரிண்ணே. காலைல ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் எண்ணுவோம். எது அதிகமோ அதை எழுதுவோம். இன்னைக்குச் சும்மா பழகிக்கிறோம், அவ்வளவுதான்."

இத்தனை பேச்சும் மேலே கேட்டது. ஆனால் செவலையின் காதில் தங்கியது இரண்டே சொல்தான்: மரம் போகும்.

ஆட்கள் போனதும் மரமே அல்லோலகல்லோலப்பட்டது. கூட்டத்துக்குத் தலைவன் தொண்டையன். மேற்குக் கிளைக்காரன். குரல் பெரியது, அந்த ஒரே தகுதியில் தலைவனாகியிருந்தான். அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஓர் அண்டங்காக்கை வந்து பக்கத்துக் கொம்பில் உட்கார்ந்தது.

"அண்ணே, உங்களுக்கு விஷயமே தெரியாதா?" என்றது காக்கை. "நான் தினமும் ஊருக்குள்ள போயிட்டு வர்றவன். மனுசன் ஆட்டை எண்ணுவான். எண்ணி முடிச்சா திருவிழா. கோழியை எண்ணுவான். எண்ணி முடிச்சா விருந்து. இப்போ உங்களை எண்ண வந்துட்டான்."

செவலையின் குட்டி தாயின் மார்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"என்ன செய்யலாம் சொல்லு" என்றான் தொண்டையன். அவனுடைய பெரிய குரல் அன்றைக்குச் சின்னதாக வந்தது.

"ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் மலைக்கு அந்தப் பக்கம் மூங்கில் காட்டுக்குப் போயிடுங்க. வந்தவன் பார்ப்பான், ஒண்ணும் இருக்காது, அவன் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போயிடுவான். குட்டிங்களைத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் முடியாது. இங்கயே விட்டுட்டுப் போங்க. ஒரு பகல்தானே, நான் பார்த்துக்கிறேன்."

காக்கையின் கூட்டில் நாலு குஞ்சுகள் அப்போது வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பயம் வந்தால் எதிரில் நிற்பவனுக்கு அலகு இருப்பதுகூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

ஏரி மதகின் இடுக்கில் சுண்டு என்ற பூச்சிதின்னி வௌவால் குடும்பத்தோடு இருந்தாள். ஒரு சுண்டுவிரல் அளவுதான் இருப்பாள். கூச்சல் கேட்டு மேலே ஏறி வந்தாள்.

"அண்ணே, போன வருசம் எங்களையும் இதே ஆளுங்க எண்ணினாங்க. நாங்களும் நடுங்கிப்போய்த்தான் கிடந்தோம். எண்ணி முடிச்சு, மதகுக்குக் கம்பிவலை அடிக்கும்போது நாங்க போய்வர ஒரு சந்து விட்டாங்க. வேற எதுவும் நடக்கல. நூறு பேர் இருந்தா மரத்தைத் தொடமாட்டோம்னுதானே அந்த ஆள் சொல்லிட்டுப் போனாரு? யாருமே கேக்கலையா?"

"உன்னை எண்ணி என்ன ஆகப்போகுது? ஒரு வாய்க்குக் காணுவியா நீ?" என்று காக்கை கேட்டது. வௌவால்கள் சிரித்தன. நடுக்கத்தோடு சிரிக்கும் சிரிப்பு அது.

சுண்டு செவலையிடம் திரும்பினாள். "அக்கா, நீங்களாவது யோசிங்க."

செவலை யோசிக்கத்தான் செய்தாள். சுண்டு சொல்வது நியாயமாகப்பட்டது. ஆனால் கண்ணை மூடினால் ஆலமரம் சாய்ந்தது. திறந்தால் சுண்ணாம்புப் பொட்டு தெரிந்தது. "எனக்குப் பயமா இருக்கு சுண்டு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. தாய் வௌவால்கள் குட்டிகளுக்குப் பால் கொடுத்தன. பிறகு ஒவ்வொரு குட்டியாகக் கிழக்குக் கிளையில் நெருக்கமாகத் தொங்கவிட்டன. மொத்தம் நாற்பது குட்டிகள்.

"எங்கம்மா போற?" என்றது செவலையின் குட்டி.

"இதோ வந்துடுறேன். கொம்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. கத்தாதே."

கூட்டம் கிளம்பியது. பகல் வெளிச்சத்தில் கண் கூசியது. மலைமுகடு வரும்போது செவலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். காக்கை மரத்தடியில் காவல் இருக்கவில்லை. ஏரிக்கு மேல் பறந்து கத்திக்கொண்டிருந்தது. அதன் சத்தம் கேட்டு வயல் பக்கமிருந்து மூன்று காக்கைகள் வந்தன. தோப்புப் பக்கமிருந்து ஏழெட்டு வந்தன. எல்லாம் மருதமரத்துக்குப் போயின.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"அண்ணே, திரும்புங்க. காக்காய்ங்க குட்டிங்ககிட்ட போகுது."

"பேசாம வா" என்று அதட்டினான் தொண்டையன். "இப்போ திரும்பினா மனுசன் கண்ணுல படுவோம். உன் ஒருத்தியால எல்லாரும் சாகணுமா?"

மற்ற தாய்கள் அவளைப் பார்த்தன, அவனைப் பார்த்தன, அவன் பின்னாலேயே பறந்தன. செவலை தனியாகத் திரும்பினாள்.

மரத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது கிழக்குக் கிளையில் இரண்டு குட்டிகள் தொங்கிய இடம் காலியாக இருந்தது. மற்றவை கண்ணை மூடிக்கொண்டு கத்தின. செவலை தன் குட்டியையும் பக்கத்தில் இருந்த இரண்டையும் சிறகால் மூடிக்கொண்டாள். அண்டங்காக்கை வந்து அந்தச் சிறகில் கொத்தியது. தோல் கிழிந்தது.

"ஏன் தங்கச்சி திரும்பி வந்தே? நான்தான் பார்த்துக்கிறேன்னு சொன்னேனே" என்றது.

அந்த நேரம் கரையில் ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்த பவளக்கொடி மேலே பார்த்துவிட்டு, குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து விட்டெறிந்தாள். செவலை செத்தோம் என்று நினைத்தாள். மண்ணாங்கட்டி காக்கையின் முதுகில் விழுந்து உடைந்தது. அடுத்தது இன்னொரு காக்கைமேல். கை ஓயாமல் எறிந்தாள் அவள். காக்கைகள் திட்டிக்கொண்டே பறந்துபோயின.

பிறகு எண்ணினார்கள். எண்ணி முடிக்க வெகுநேரம் ஆகவில்லை.

"குட்டி முப்பத்தெட்டு. தாய் ஒண்ணு" என்றாள் யாழினி. அவள் முகம் விழுந்துவிட்டது.

"முப்பத்தொம்பது. அவ்வளவுதானே?" என்றார் வரதப்பன். "நாளைக்கு ஆளைக் கூட்டிட்டு வந்துடுறேன்."

"தாயில்லாமக் குட்டி எங்கருந்துண்ணே வரும்?" என்று கேட்டாள் பவளக்கொடி. "எதையோ கண்டு மிரண்டு ஓடியிருக்குதுங்க. சாயங்காலக் கணக்கு இருக்கில்ல? அதுவரைக்கும் நான் இந்த மரத்தடியை விட்டு நகரமாட்டேன். எந்தக் காக்கா வருதுன்னு பார்க்கிறேன்."

எல்லோரும் போனார்கள். பவளக்கொடி ஆடுகளைக் கரையில் விட்டுவிட்டு, மடி நிறைய மண்ணாங்கட்டியோடு மரத்தடியில் உட்கார்ந்தாள்.

செவலைக்கு இப்போது எல்லாம் தெளிவாக விளங்கியது. பொழுது சாய்வதற்குள் கூட்டம் திரும்பாவிட்டால் மரம் போகும். கூப்பிட்டு வர அவளைத் தவிர ஆளில்லை. போகவேண்டுமென்றால் குட்டியை ஒரு மனுஷியின் தலைக்கு நேர் மேலே விட்டுவிட்டுப் போகவேண்டும். காக்கை கொத்தியபோதுகூட அவள் இப்படி நடுங்கவில்லை.

"அம்மா, அது நம்மளைப் பிடிச்சுக்குமா?" என்றது குட்டி.

"தெரியல கண்ணு" என்றாள் செவலை. "ஆனா பிடிக்கணும்னு நினைச்சிருந்தா காலைலயே பிடிச்சிருக்கலாம்."

கிழிந்த சிறகோடு அவள் பறந்தாள். பாதி வழியில் இரண்டு முறை இறங்கி மூச்சு வாங்கினாள்.

மூங்கில் காட்டில் சேதி சொன்னாள். "எத்தனை குட்டி இருக்கு?" என்று ஒரு தாய் கேட்டாள்.

"முப்பத்தெட்டு."

"யாரோடது இல்ல?"

செவலை இரண்டு பேரைப் பார்த்தாள். பெயர் சொல்லவேண்டி இருக்கவில்லை.

"இதெல்லாம் மனுசன் விரிக்கிற வலை" என்று தொண்டையன் கத்தினான். "குட்டியைக் காட்டித் தாயைப் பிடிப்பான். ஒருத்தரும் போகக்கூடாது."

"போகாம இருந்தாத்தான் மரம் போகும். நூறு பேர் வேணும்" என்றாள் செவலை. "அவங்க சொன்னது நம்ம எல்லாருக்கும் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் ஓடி வந்தோம். என் கூட வாங்கன்னு சொல்ல எனக்கு தைரியம் இல்ல. எனக்கும் கால் நடுங்குது. ஆனா நான் போறேன்."

தாய்கள் முதலில் கிளம்பின. கிழக்குக் கிளைக்காரர்கள் பின்னால் வந்தார்கள். தெற்கும் வடக்கும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மேற்குக் கிளைக்காரர்களில் தாய்கள் தவிர மற்ற அவ்வளவு பேரும் தொண்டையனோடு மூங்கிலிலேயே தங்கிவிட்டார்கள்.

சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கும்போது மருதமரம் கறுத்தது. கிளையெல்லாம் சிறகு. தாய்கள் குட்டிகளைத் தேடி மோந்து பார்த்தன. செவலையின் குட்டி விட்ட இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பவளக்கொடியும் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கீழே எண்ணும் சத்தம் கேட்டது. வௌவால்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கின. ஒவ்வோர் எண்ணும் தங்கள்மேல் விழுவதுபோல் இருந்தது. தெற்குக் கிளை வரதப்பன் பங்கு. அவர் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார். இருமுறை எண்ணிக்கை விட்டுப்போய் முதலிலிருந்து எண்ணினார்.

"தெற்கு அறுபத்தினாலு, சரியாண்ணே?" என்றாள் யாழினி.

"அறுபத்தஞ்சும்மா. இலைக்குப் பின்னால ஒண்ணு தொங்குது பாரு. சரியாப் பார்த்து எழுது" என்று கோபித்துக்கொண்டார் அவர்.

மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. மரம் நின்றது. மேற்குக் கிளைக்கு நேராக மட்டும் யாழினி "இல்லை" என்று எழுதினாள்.

"பேச்சு பேச்சுதான். அதைக் கழிச்சுக்கிறேன்" என்றார் வரதப்பன்.

மறுநாள் ரம்பம் வந்தது. அன்று பகல் முழுக்க மரம் அதிர்ந்தது. குட்டிகள் அலறின. செவலை கண்ணை மூடவில்லை. ரம்பம் கிழக்கே திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பவில்லை. மேற்குக் கிளை மட்டும் ஏரிப்பக்கம் சாய்ந்து விழுந்தது. ஆட்கள் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் தொண்டையனும் கூட்டமும் திரும்பி வந்தார்கள். தொங்க இடம் தேடி மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தார்கள்.

"என் கிளை எங்க?" என்று கத்தினான் தொண்டையன். "தலைமுறைக்கும் நாங்க இருக்கலாம்னு நினைச்ச கிளை எங்க?"

"எண்ணும்போது நீங்க இல்லைண்ணே" என்றாள் சுண்டு மதகிலிருந்து. "அதனால இல்லைன்னு எழுதிட்டாங்க."

கிழக்குக் கிளையில் இரண்டு தாய்கள் மட்டும் இன்னும் தூங்கவில்லை. காக்கைக்குப் பயப்படாமல், மனுஷருக்குப் பயந்த அந்த ஒரு காலைப்பொழுதை நினைத்து வெகுநாள் வரை குட்டியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பயம் வரும்போது, நம்மைத் தின்ன வருகிறவர் யார், நம்மைக் கணக்கில் சேர்க்க வருகிறவர் யார் என்று நின்று பார்க்கவேண்டும். பாராமல் ஓடி ஒளிகிறவர் இருந்தும் இல்லாதவராகிவிடுவார்.